மண்வெட்டி பிடிப்பவருக்கு எத்தனை கிராம் அரிசி?

சில வருடங்களுக்கு முன்னர் தம்பிலுவிலில் ஒரு கூட்டம் நடந்தது. காட்டோரக் காணிகளை விட்டு ஓடிவந்து, கரையோரத்தில் உறவினர் வளவுகளில் ஒதுங்கியிருந்து, மறுபடியும் ஊர் திரும்பத் தொடங்கியிருந்த விவசாயக் குடும்பங்களைப் பற்றிய கூட்டம் அது. வந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, "போய் ஐந்து மாதமாயிற்று. இன்னும் பற்றை வெட்டி முடியவில்லை. நிவாரணம் வாங்கி வாங்கிச் சோம்பேறிகளாகிவிட்டார்கள்" என்றார். பலர் தலையாட்டினார்கள். நாமும் அன்று மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, வேலியோரம் நின்ற ஒரு பெரியவர் எம்மைக் கூப்பிட்டார். "பாதர், மண்வெட்டியத் தூக்கினா ரெண்டு முழம் வரம்பு போடுறதுக்குள்ள கண் இருட்டுது. செய்ய மனமில்லாம இல்ல. உடம்பு ஏலாது" என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி? மனச்சாட்சியை மட்டும் கேட்டுப் பதில் சொல்லவேண்டிய கேள்வி அல்ல இது. மனித உடல் எவ்வளவு எரிக்கிறது, எவ்வளவு உண்டால் எவ்வளவு வேலை செய்யும், உண்ணாதபோது அதற்கு என்ன நடக்கும் என்பவற்றை அளந்து பார்க்கவென்றே உலகத்தில் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. எமது கூப்பனில் எழுதப்படும் அரிசியின் நிறைகூட அங்கிருந்து வந்த கணக்குத்தான். அந்தக் கணக்கை நாம் அறிந்துவைத்திருப்பது நல்லது. கணக்குத் தெரியாதவனின் வயிற்றைத்தான் மற்றவர்கள் அளப்பார்கள்.

அடுப்பும் விறகும்

எமது உடல் அணையாத ஓர் அடுப்பு. உணவு அதன் விறகு. அந்த விறகின் சூட்டை அளக்கும் அலகே கலோரி. உணவை உடல் எரித்துச் சக்தியாக்குவதையும், அதைக்கொண்டு தசையையும் இரத்தத்தையும் கட்டுவதையும் சேர்த்துப் பாடப் புத்தகங்களில் அனுசேபம் என்பார்கள்.

இதை எப்படி அளப்பது? அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி 1890களில் ஒரு சிறிய அறையைக் கட்டுவித்தார். ஆள் அதற்குள்ளேயே சில நாட்கள் உண்டு, உறங்கி, மிதிவண்டி போன்ற பொறியை மிதித்து இருக்க வேண்டும். உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் அளக்கப்படும். எவ்வளவு ஒட்சிசன் செலவாகியது, எவ்வளவு காபனீரொட்சைட்டு வந்தது, உடலிலிருந்து எவ்வளவு சூடு வெளியேறியது என்று பார்த்தால், அந்த மனிதன் எவ்வளவு எரித்தான் என்பது தெரிந்துவிடும். இன்றைய ஆய்வுகூடங்களில் கருவிகள் மாறியிருக்கின்றன, அடிப்படை அதுதான்.

இந்த அளவைகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. சும்மா படுத்திருப்பவனுக்கும் விறகு வேண்டும். இதயம் துடிக்க, மூச்சு வாங்க, மூளையும் ஈரலும் இயங்க ஒரு செலவு உண்டு. வேலைக்கான செலவு அதற்கு மேலே வருவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய போசணை நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 65 கிலோ நிறையுள்ள ஆண் உட்கார்ந்து வேலைசெய்தால் ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும். நடுத்தர வேலைக்கு 2,710 வேண்டும். கடும் வேலைக்கு 3,470 வேண்டும். 55 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு இதே வரிசையில் 1,660, 2,130, 2,720. கர்ப்பிணிக்கு 350 கூட. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதமும் 600 கூட.

எமது ஆட்களில் பலர் 65 கிலோவுக்குக் குறைந்தவர்கள். ஆகவே தொகையும் சற்றுக் குறையும். ஆனால் கதிரையில் இருப்பவனுக்கும் காடு வெட்டுபவனுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஒன்றரை மடங்குக்கு மேல். இந்த இடைவெளியைத்தான் அந்தப் பெரியவர் "கண் இருட்டுது" என்று சொன்னார்.

குன்னூரில் ஓர் அறை

இந்த ஆராய்ச்சி வெள்ளைக்காரர் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1918இல், தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரேயொரு அறையில், ரொபர்ட் மக்கரிசன் என்ற வைத்தியர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். கால் மரத்து, வீங்கி, இதயம் சோர்ந்து ஆளைச் சாய்க்கும் அந்த நோய், தீட்டிய பச்சையரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. மக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை கலந்த பஞ்சாப் சீக்கியரின் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சோற்றையே பெரும்பகுதியாகக் கொண்ட சென்னைப் பகுதி உணவை உண்ட எலிகள் மெலிந்து பின்தங்கின. இனத்தில் குறையில்லை, இலையில்தான் குறை என்று அந்த எலிகள் காட்டின.

அவருக்குப் பின் அங்கு பொறுப்பேற்ற அய்க்ரொய்ட் முதலானோர், எமது பாட்டிமார் செய்துவந்த ஒன்றுக்கு அறிவியல் சான்று தந்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டோடு ஒட்டியிருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் ஆலையில் தீட்டினாலும் புழுங்கலரிசியில் அது பெரும்பாலும் தங்குகிறது. பச்சையரிசியில் தவிட்டோடு போய்விடுகிறது.

குன்னூர் ஆய்வுகூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய போசணை நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதை நடத்தியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த வைத்தியர் சி. கோபாலன். குழந்தைகளின் மந்தபோசணைக்குப் புரதப் பற்றாக்குறையே காரணம் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏழைக் குழந்தைகளின் உணவில் முதற்குறை கலோரியே என்று எடுத்துச்சொன்னவர் அவர். விறகில்லாத வீட்டில் கதவைப் பிடுங்கி அடுப்பில் வைப்பதுபோல, சோறு போதாத உடல், தசை கட்ட வேண்டிய புரதத்தையே எரித்துவிடுகிறது. முதலில் வயிறு நிறைய வேண்டும்.

முப்பத்தாறு இளைஞர்கள்

இனி, அந்தக் கூட்டத்தில் எழுந்த குற்றச்சாட்டுக்கு நேரடியாக வருவோம். பசி ஒருவனைச் சோம்பேறி போலத் தோன்றச் செய்யுமா?

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், விளையாட்டு அரங்கின் கீழிருந்த ஆய்வுகூடத்தில், அன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். கொலைசெய்ய மாட்டோம் என்று மனச்சாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். குவேக்கர், மெனனைட் போன்ற சமாதானச் சபைகள் நடத்திய பொதுச்சேவை அமைப்பிலிருந்து வந்தவர்கள். உடலாலும் மனத்தாலும் திடமானவர்களாகப் பார்த்தே தெரிந்தெடுக்கப்பட்டார்கள்.

முதல் 12 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் அதில் பாதி, ஏறத்தாழ 1,570. ரொட்டி, உருளைக்கிழங்கு, கோவா, மக்கரோனி போன்ற ஐரோப்பியப் பஞ்சகால உணவு. வாரத்துக்கு 35 கிலோமீற்றர் நடக்கவும் வேண்டும்.

நடந்தது என்ன? நிறையில் கால்வாசி போயிற்று. நாடித்துடிப்பு மந்தமாயிற்று. உடல் தன் அடுப்பைத் தானே தணித்துக்கொண்டது. ஓய்வில் எரிக்கும் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தது. கோடையிலும் குளிர்ந்தது. படியேறக் கால் வரவில்லை. அதைவிட முக்கியமானது மனத்துக்கு நடந்தது. நன்றாகப் படித்தவர்கள் புத்தகத்தை மூடினார்கள். சிரிப்பு நின்றது. சிறு விடயத்துக்கும் எரிச்சல். கூட்டங்களுக்குப் போக விருப்பமில்லை. எந்நேரமும் சாப்பாட்டின் நினைவு. சிலர் சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது உங்களுக்கு யாருடைய நினைவு வருகிறது? முகாம் வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பா, குழந்தை அழுதாலும் திரும்பிப் பாராத அம்மா, சங்கக் கூட்டத்துக்கு வராத அயலவர் எல்லோரும் நினைவுக்கு வரவில்லையா? அவர்களுக்கு நாம் என்னென்ன பெயர் வைத்தோம்! துயரமும் இழப்பும் அங்கே இருந்தன என்பது உண்மை. ஆனால் பசியும் இருந்தது. குண்டுச்சத்தம் கேளாத ஊரில், வீடு எரியாத, பிள்ளையை இழக்காத 36 திடகாத்திரமான இளைஞர்களை, உணவைப் பாதியாக்கிய ஒரே காரணம் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

இன்னுமொரு பாடம் உண்டு. பட்டினிக்குப் பின் 12 வாரம் அவர்களைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு அளவில் உணவு கொடுத்தார்கள். சிறிதளவே கூட்டிக் கொடுக்கப்பட்டவர்கள் தேறவில்லை. நன்கு தேற நாளொன்றுக்கு 4,000 கலோரியளவு வேண்டும் என்று கீஸ் கண்டார். பட்டினி கிடந்தவனுக்கு, கிடக்காதவனைவிடக் கூடுதலாக வேண்டும். இந்த முடிவுகளை நிவாரணத் தொண்டர்களுக்கென ஒரு சிறு கைநூலாக 1946இலேயே வெளியிட்டார்கள். அதைப் படித்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பெங்களூரில் பருப்பை அளந்தவர்கள்

கத்தோலிக்க ஆயர்கள் 1963இல் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய ஆய்வுகூடம் உண்டு. வைத்தியர் அனுரா குர்பாட் முதலானோர் அங்கே எமது சாயலிலுள்ள, சோறுண்ணும் உடல்களையே அளந்தார்கள். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற கூறு மனிதனுக்கு எவ்வளவு தேவை என்பது அவர்களுடைய கேள்வி. 1985இல் உலக சுகாதார நிறுவனம் முதலியன வெளியிட்ட கணக்கில், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லிகிராம் போதும் என்றிருந்தது. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் அது போதாது, 30 வேண்டும் என்று காட்டின. 2007இல் வெளியான அறிக்கை இந்த 30ஐ ஏற்றுக்கொண்டது. நெடுங்காலம் மந்தபோசணையில் இருந்தவர்களுக்கு அதைவிடவும் கூடத் தேவை என்றும் பெங்களூர் ஆய்வு காட்டியது.

எமது சட்டிக்கு இதன் பொருள் என்ன? 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் லைசின் வேண்டும். 400 கிராம் அரிசியில் ஏறத்தாழ 1,000 இருக்கிறது. 60 கிராம் பருப்பில் இன்னொரு 1,000. பருப்பில்லாத சோறு வயிற்றை நிரப்பும். தேய்ந்த தசையைக் கட்டாது. பங்கீட்டில் தட்டுப்பாடு வரும்போது "இம்முறை பருப்பு இல்லை, அரிசி மட்டும்" என்று சொல்வது எவ்வளவு இலகுவாக இருக்கிறது!

எமது நியாயம்

அகதிகளுக்கான உணவை உலக உணவுத் திட்டமும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் திட்டமிடும்போது ஆளுக்கு 2,100 கலோரி என்று தொடங்குகின்றன. 1997க்கு முன் அது 1,900. இதற்கு உதாரணமாகக் காட்டப்படும் ஒரு நாள் பங்கு: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, திரிபோஷா போன்ற கலவை மா 50, சீனி 15, உப்பு 5. குழந்தைகளும் முதியோரும் உட்பட எல்லோருக்கும் சராசரி பார்த்து, இலேசான வேலை செய்பவர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. முகாமில் இருப்பவனுக்கு அது பொருந்தும். மண்வெட்டியோடு காட்டுக்குப் போகிறவனுக்குப் பொருந்தாது.

ஆனால் நடப்பது என்ன? முகாமில் இருக்கும்வரை பங்கீடு. ஊர் திரும்பியதும் அது ஒரு தவணைக்கு மட்டும். 2009க்குப் பின் வடக்கில் மீள்குடியேறியவர்களுக்கும் பெரும்பாலும் ஆறு மாதம் என்ற கணக்கே வைக்கப்பட்டது. நெல் அந்தக் கணக்கை அறியாது. பற்றை வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு கட்டி, ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசி பங்குனியில்தான் சூடடிக்கலாம். மழை முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பம் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உடல் அதிகம் எரிக்கும் மாதங்களில்தான் பானை காலியாகிறது. அதன் பின் சோம்பேறி என்ற பட்டமும் கிடைக்கிறது.

ஆகவே நாம் சொல்வது இது: மீள்குடியேறும் விவசாயக் குடும்பத்துக்கான உணவை நாட்காட்டியைப் பார்த்து நிறுத்தக்கூடாது, முதல் விளைச்சல் வீடு வரும்வரை கொடுக்க வேண்டும். அந்த மாதங்களில் பங்கு குறையாமல், கூட வேண்டும்.

"அப்படிக் கொடுத்தால் தங்கிவாழும் மனப்பான்மை வளரும்" என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் முழுக்கப் பொய்யில்லை. காணியும் வேலையும் கொடுக்காமல் வருடக்கணக்காக அரிசியை மட்டும் கொடுத்தால் மனிதன் தளர்ந்துதான் போவான். பொத்துவில் கனகர் கிராமத்து மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, 2018இல் வீதியோரத்தில் அமர்ந்து கேட்டது அரிசியை அல்ல, காணியைத்தான். உழைப்பில்லாமல் வெள்ளைச் சோறும் சீனித் தேநீருமாக இருப்பதும் உடலுக்குக் கேடு. நீரிழிவு எமது ஊர்களில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை வீட்டுக்கு வீடு காண்கிறோம். அதனால்தான் எல்லோருக்கும் எப்போதும் கூட்டிக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. செய்யும் வேலைக்கு ஏற்ப அளந்து கொடுங்கள் என்கிறோம். வண்டில் மாட்டுக்கே உழவுகாலத்தில் தீனி கூட்டி வைக்கிறவர்கள் நாம்.

நாம் செய்யக்கூடியவை

தமிழரோ முஸ்லிமோ, இடம்பெயர்ந்த எந்தக் குடும்பமும் பங்கீடு எடுக்கும்போது தராசில் நிறுத்துப் பாருங்கள். எழுதிய அளவும் கிடைத்த அளவும் ஒன்றா என்று கேட்பது உங்கள் உரிமை. பருப்புக்குப் பதில் வேறொன்று தருவதென்றால் பயறு, கவ்பி, கடலை எதுவென்றாலும் கேட்டு வாங்குங்கள், சீனியை ஏற்காதீர்கள். கிடைக்குமென்றால் புழுங்கலரிசியை எடுங்கள். பலமுறை கழுவாதீர்கள், கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள். முருங்கை இலையும் நெத்தலியும் எமது கரையில் மலிவாகக் கிடைப்பவை. சோற்றை அவை நிறைவாக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடும் வழக்கத்தை விடுவோம். அவர்களுடைய 350ஐயும் 600ஐயும் முதலில் எடுத்துவைத்துவிட்டு மற்றவர்கள் உண்போம். குழந்தையின் நிறை ஏறவில்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

பற்றை வெட்டுவதைத் தனித்தனியே தொடங்காமல், இன்று உன் காணி, நாளை என் காணி என்று சேர்ந்து செய்யுங்கள். பொதுச் சமையல் வைத்து உண்டுவிட்டு வேலையில் இறங்குங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கூடும்போது, "முதல் அறுவடைவரை உணவு" என்ற ஒரே கோரிக்கையை எழுத்தில் வைத்து, கிராம சேவையாளருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுங்கள். இந்தக் கட்டுரையிலுள்ள எண்களை அதில் எழுதிக்கொள்ளலாம்.

எம்மைப் போன்ற தொண்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அன்று அந்தக் கூட்டத்தில் நாம் மௌனமாயிருந்தோம். பெரியவர் சொன்னதுதான் சரி என்று சொல்லப் போதிய அறிவு அப்போது எம்மிடம் இருக்கவில்லை. அவரைக் கேட்டுப் பார்க்கும் பணிவும் இருக்கவில்லை. இனிமேல் எந்த மேசையிலாவது "சோம்பேறிகள்" என்ற சொல் எழுந்தால், நாம் முதலில் ஒரு கேள்வி கேட்போம்: அவர்கள் நேற்று என்ன சாப்பிட்டார்கள்?